நாலு நிமிடம் நின்ற குதிரைகள்

"ஐயையோ... என் ராச்சியம்!"

பிரவுசிங் சென்டர் வாசலில் ஒருவன் போட்ட அலறலில், ஆறாம் நம்பர் கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்திக்கொண்டிருந்த ஷாலினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தாள். கம்பெனி யூனிஃபார்ம் சட்டை... நெற்றியெல்லாம் மழைத்துளி... கையில் டீ கிளாஸ். அந்த டீயைவிடச் சூடாக இரண்டு கண்கள்.

"இன்னா ராஜ்ஜியம்?" என்றாள்.

"மூணு மணி நேரம் கட்டுனதுங்க! நூத்தம்பது பேரு, ரெண்டு கோட்டை, ஒரு துறைமுகம்... டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள மொத்தத்தையும் அமத்திப்புட்டீகளே!"

"பத்து நிமிஷமா ஸ்க்ரீன் ஆடாம அசையாம கெடந்துச்சு. ஹேங் ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

"நாந்தான் நிறுத்தி வச்சிட்டுப் போனேன்!"

"வச்சா சொல்லிட்டுப் போணும். இந்தப் பொண்ணுக்கு அப்ளிகேஷன் போட இன்னிக்குத்தான் லாஸ்ட் டேட்டு. மத்த சிஸ்டமெல்லாம் ஃபுல்லு. இவ படிப்பு பெருசா, உங்க பொம்ம ஊரு பெருசா?"

அவன் அப்போதுதான் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தான். சர்டிபிகேட் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, இதோ அழப்போகிறேன் என்று நின்றாள் அவள். அவன் கோபம் சட்டென்று வடிந்துவிட்டது.

"ஒக்காருங்க தங்கச்சி..." என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆனால் ஷாலின் பக்கம் திரும்பியபோது மட்டும் மூக்கு கொஞ்சம் விடைத்தது. "இது பொம்ம ஊரு இல்லங்க. உள்ள எம்புட்டு விசயம் இருக்கு தெரியுமா? சொன்னா ஒங்களுக்கு விளங்காது."

விளங்காதாமே!

அவன் போன பிறகும் அந்த ஒரு சொல் ஷாலினின் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது... பி.காம். முதல் வகுப்பு. அண்ணன் டெனிசன், ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எட்டு கம்ப்யூட்டரோடு ஆரம்பித்த கடை இது. அவனுக்குக் கண்ணாடி கம்பெனியில் வேலை கிடைத்ததும், மண்ணூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து ஒற்றை ஆளாகக் கடையை நடத்துகிறவள் அவள். அவளுக்கா விளங்காது?

கடைக்கு வருகிறவர்கள் பெயர், விவரம் எழுதும் அடையாள நோட்டைப் புரட்டினாள். 'மாரிராஜ். ஊர்: எட்டயபுரம் பக்கம். வேலை: கார் சீட் அசெம்பிளி, இருங்காட்டுக்கோட்டை.' கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது. 'ம்க்கும்... கையெழுத்து நல்லா இருந்தா ஆச்சா!' என்று நோட்டை மூடினாள்.

மறுநாள் காலை, கூட்டம் வருவதற்கு முன்பே அந்த விளையாட்டைத் திறந்துவிட்டாள். அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ ஒரு பெயர். கடைக்கு வருகிறவர்கள் 'ராஜா கேம்' என்பார்கள். நாலு வேலையாட்களோடு ஒரு வெறும் நிலத்தில் இறக்கிவிடும். சோறு தேடி, மரம் வெட்டி, பொன் தோண்டி, வீடு கட்டி, படை சேர்த்து, பக்கத்து ராஜாவை ஜெயிக்க வேண்டும்.

'இவ்ளோதானே' என்று ஆரம்பித்தாள்.

பன்னிரண்டாவது நிமிடம் சிவப்புக் கொடியோடு எதிரிக் குதிரைகள் வந்தன. பதினைந்தாவது நிமிடம் அவள் ஊரில் ஒரு கூரைகூட மிச்சமில்லை. அதுவும் எப்படி? இருப்பதிலேயே சுலபமான படியில்! மறுநாளும் தோற்றாள். அதற்கு மறுநாளும்...

வியாழக்கிழமை முதல் ஷிஃப்ட் முடித்து மாரிராஜ் வந்தபோது, கவுண்டர் கம்ப்யூட்டரில் அவள் நாலாவது முறையாக அழிந்துகொண்டிருந்தாள்.

"மேடம்..." பின்னாலிருந்து மெல்லக் கேட்டது குரல். "ஒங்க ஆளுக ஆறு பேரு சும்மா நிக்காக."

"ரெஸ்ட் எடுக்கறாங்க."

"பட்டினி கெடந்துக்கிட்டா?"

"நீங்க போய் உங்க சிஸ்டத்துல ஒக்காருங்க."

அவன் போகவில்லை. சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பு அடங்காமல் கண்ணுக்கு ஏறிவிட்டதை ஷாலின் பார்த்துவிட்டாள். கோபம் வரவேண்டிய இடத்தில் என்னவோ வேறொன்று வந்தது...

"சரி... சொல்லித்தான் தொலைங்களேன்!"

அன்றைக்கு ஆரம்பித்த பாடம் அது. வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து. அவன் சொல்லிக்கொடுத்த விதம்தான் வேடிக்கை. அவனுக்குத் தெரிந்த பெரிய சாம்ராஜ்யம் கம்பெனி லைன் ஒன்றுதான்.

"மேடம், எங்க லைன்ல போல்ட் டப்பா ரெண்டு எட்டு தள்ளி இருந்துச்சு. ஒரு சீட்டுக்குப் போய் வர நாலு எட்டு. ஒரு ஷிஃப்டுக்கு நானூறு சீட்டு. எம்புட்டு நட, பாருங்க! டப்பாவைக் கைக்கிட்ட கொண்டாந்து வச்சாக, உற்பத்தி கூடிருச்சு. அதே மாதிரித்தான் இங்கயும். ஒங்க ஆளு மரத்த வெட்டிட்டு, தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள வாரான். பாதி நேரம் நடந்தே செத்தான். மரம் போட்டு வைக்குற கிட்டங்கிய காட்டு ஓரத்துல கட்டுங்க."

கட்டினாள். மரம் மளமளவென்று குவிந்தது!

"இன்னொண்ணு. புது ஆளு எடுக்குறத நிறுத்தவே கூடாது. இப்ப எடுக்குற ஒருத்தன், கடைசி வரைக்கும் ஒழைப்பான். ஆனா வீடு இல்லாட்டி ஆளு வரமாட்டான்..."

"உங்கள மாதிரி. ரூம் கிடைக்காம யாரும் இருங்காட்டுக்கோட்டைக்கு வர்றதில்ல."

"அதேதான்! ஆளு வாரதுக்கு முந்தியே வீட்டக் கட்டிப்புடணும்."

வேல் குதிரையைச் சாய்க்கும், குதிரை வில்லாளியைச் சாய்க்கும், வில்லாளி வேல்காரனைச் சாய்ப்பான். சந்தையில் மரத்தை விற்க விற்க அதன் விலை இறங்கிக்கொண்டே போகும். ஊர் முன்னேறும் அடுத்த யுகத்துக்கு அவசரப்பட்டுத் தாவினால் கையிலிருக்கும் சோறெல்லாம் அதற்கே போய்விடும். தயங்கினால் எதிரி முந்திவிடுவான்... மேலே தெரிவது வெறும் பச்சை நிலமும் குட்டி மனிதர்களும்தான். அடியில் ஒன்றோடொன்று பற்சக்கரம்போலக் கோத்துக்கொண்டு ஓடும் இன்னொரு உலகமே இருந்தது. 'விளங்காது' என்று அவன் சொன்னதில் தப்பில்லையோ என்றுகூட ஷாலினுக்குத் தோன்றியது. வெளியே சொல்லவில்லை!

ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு நாள் அவன் நாற்காலியில் உட்காரும் முன்பே நோட்டை நீட்டினாள்.

"மேட்டு மேல நின்னு சண்ட போட்டா அடி பலமா விழுது. தெரியுமா?"

"அப்பிடியெல்லாம் கெடையாது மேடம்."

"காலைல இருபது தடவ மோத விட்டுப் பாத்தேன். சமதரைல ஆறு பேரு எட்டு பேருகிட்ட தோக்கறாங்க. அதே ஆறு பேர மேட்டுல நிறுத்து... எட்டு பேரும் காலி. எல்லாம் எழுதிக்கீறேன், பாத்துக்கோங்க."

அவன் நோட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவ்வளவு பெரிதாக ஒரு ஆண்பிள்ளையின் கண்கள் விரிந்து அவள் பார்த்ததில்லை.

"ரெண்டு வருசமா ஆடுறேன். இது எனக்குத் தெரியாதே மேடம்..."

அந்தப் பார்வை அன்று மண்ணூர் பஸ்ஸில் அவளோடு ஏறி, வீடு வரை வந்தது. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து சிரித்தவளை அம்மா அற்புதமேரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

தீபாவளி லீவுக்கு முந்தின ஞாயிறு, டெனிசன் கடையில் ஒரு போட்டி வைத்தான். எட்டுப் பேர். ஜெயித்தவருக்கு ஒரு கப். எல்லாரும் கம்பெனிப் பையன்கள். நடுவில் ஷாலின் ஒருத்தி. மாரிராஜின் ரூம்மேட் சக்திகுமார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மேடம் எதுக்கு? ஸ்கோர் எழுதுறதுக்கா?"

முதல் சுற்றிலேயே அவனை இருபத்திரண்டு நிமிடத்தில் துடைத்துப் போட்டாள் ஷாலின். அப்புறம் அவன் மூச்சுவிடவில்லை. கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். ஆறாம் நம்பரில் மாரிராஜ்... எதிர்வரிசையில், நேர் எதிரே ஷாலின்.

வெளியே மழை கொட்டத் தொடங்கியிருந்தது. முப்பத்தைந்தாவது நிமிடம் அவன் குதிரைப் படை அவளுடைய கோட்டைக் கதவை உடைத்தது. அவளிடம் கல் இல்லை, படை இல்லை. 'போச்சு...' என்று நினைத்தாள். ஆனால் குதிரைகள் உள்ளே வரவில்லை! வாசலிலேயே நின்றன. ஏன் என்று யோசிக்க நேரமேது? தோண்டத் தோண்டக் கிடைத்த கல்லையெல்லாம் திரட்டி மதிலை அடைத்தாள். பக்கத்து மேட்டில், அவசரமாக எடுத்த புது வேல்காரர்களை ஏற்றி நிறுத்தினாள். குதிரைகள் கடைசியில் பாய்ந்தபோது, நேராக அந்த வேல்களின் மேல் வந்து விழுந்தன.

ஒன்றுகூடத் திரும்பவில்லை.

கடையே கூரை பிய்ந்துபோகக் கத்தியது! டெனிசன் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கி வந்தான். மாரிராஜ் எழுந்து வந்து, "ஜெயிச்சிட்டீகளே மேடம்..." என்றான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. தோற்ற வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் கடையில் ஈ காக்கை இல்லை. ஆடி முடித்த ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்க்க அந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. தன் வெற்றியைத் தானே இன்னொரு தரம் ரசிக்கலாம் என்று ஓடவிட்டாள். உடைந்த கதவு வந்தது. குதிரைகள் நின்றன. கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம்... இரண்டு... மூன்று... நாலு நிமிடம்! திறந்து கிடந்த கோட்டைக்கு முன்னால் நாற்பது குதிரைகள் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றன.

ஷாலினின் முகம் சிறுத்துப்போயிற்று. அப்படியென்றால்... அது வெற்றியே இல்லை. விட்டுக்கொடுத்திருக்கிறான்!

நாலு மணிக்கு அவன் வந்தான். ஊரிலிருந்து வந்த காராச்சேவுப் பொட்டலம் கையில். முகமெல்லாம் சிரிப்பு.

"நாலு நிமிஷம் ஏன் நின்னீங்க?" என்றாள், எடுத்த எடுப்பில்.

சிரிப்பு நின்றுவிட்டது. "எ... எது மேடம்?"

"கதவு தெறந்து கெடந்துச்சு. நீங்க வரல. பாவம் பொம்பளப் புள்ள, நாலு பேரு முன்னாடி ஜெயிச்சிட்டுப் போட்டும்னு விட்டுட்டீங்க. அதானே?"

"ஐயோ, இல்ல மேடம்..."

"அப்போ இன்னா? சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். காது சிவந்தது. "அது... சொல்ல முடியாது மேடம்."

"சொல்ல முடியாதுன்னா அதான் அர்த்தம். எனக்குப் பிச்ச போட்ட கப்பு வாணாம். எடுத்துக்கினு கெளம்புங்க."

கப்பை அவன் எடுக்கவில்லை. பொட்டலத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு, மழையில் இறங்கி நடந்தான். 'போகட்டும்!' என்றது அவள் வாய். கண் மட்டும் அவன் முதுகு மறையும் வரை வாசலிலேயே நின்றது...

ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. நாலு மணி ஆனால் கதவு திறக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நிமிர்ந்தாள். யார் யாரோ வந்தார்கள். தன்மேலேயே எரிச்சலாக வந்தது. 'திமிர் புடிச்சவன்... ஒரு சாரி சொன்னா கொறஞ்சா போயிடுவான்?' என்று திட்டினாள். திட்டுவதற்காகவாவது தினமும் நினைத்தாள்.

சனிக்கிழமை சக்திகுமார் ஜெராக்ஸ் எடுக்க வந்தான்.

"எங்க லைன ஒரகடத்துக்கு மாத்திட்டாக மேடம். நான் நேத்தே போயிட்டேன். மாரி நாளைக்குக் காலைல ஒம்போது மணி பஸ்ல மூட்டைய கட்டுதான்."

ஒரகடம்... பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஷாலினுக்கு என்னவோ அவன் கப்பலேறிப் போவதுபோல் இருந்தது.

"போட்டும். விட்டுக்குடுத்து ஆடறவங்க எங்க போனா இன்னா."

சக்திகுமார் வாய்விட்டுச் சிரித்தான். "யாரு, அவனா? என் பெறந்தநாளன்னைக்கு என்னைய ஏழு தரம் தோக்கடிச்சவன் மேடம் அவன்! பெத்த ஆத்தாளுக்கே விட்டுக்குடுக்க மாட்டான்."

அவன் போனதும் ஷாலின், போட்டியன்று தான் ஆடிய கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். பிறகு அந்த ஆட்டத்தை மறுபடியும் திறந்தாள். இந்த முறை தன் பக்கத்திலிருந்து அல்ல... அவன் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

குதிரைகள் நின்றன. சரி. அவன் ஊருக்குள் போனாள்... அங்கேயும் எல்லாம் நின்றிருந்தன! வயல்கள் காய்ந்து கிடந்தன, மறுபடி விதைக்க ஆணையில்லை. மரம் தீர்ந்துபோன காட்டோரம் இருபது பேர் கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். புது ஆள் ஒருவன்கூட எடுக்கப்படவில்லை. ஒரே ஒரு ஆள் சும்மா நின்றாலே துடித்துப்போகிறவன் அவன். விட்டுக்கொடுக்க நினைத்திருந்தால் குதிரையை மட்டும்தானே நிறுத்தியிருப்பான்? மொத்த நாட்டையும் ஏன் பட்டினி போட்டான்?

மௌஸில் அவன் கையே இல்லை. அந்த நாலு நிமிடம் மாரிராஜ் விளையாடவே இல்லை!

அப்படியானால் என்ன செய்துகொண்டிருந்தான்? எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். இரண்டு மானிட்டர்களுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதன் வழியே அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரிவது...

ஷாலினின் கன்னம் குப்பென்று சூடாகியது.

ஞாயிறு காலை. தேவாலயப் பாட்டுக் குழுவில் அவள்தான் முதல் குரல். வெள்ளைச் சேலையில் இருந்தவள், டெனிசனின் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"ஏய், ஆராதனைக்கு டைம் ஆச்சு. பாட்டு யார் பாடறது?"

"நீ பாடு."

"நானா? சனங்க எழுந்து ஓடிடும்டி!"

அதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் தூறல். ஒரு பை, சுருட்டிய பாய், ஒரு பிளாஸ்டிக் வாளி. நடுவில் மாரிராஜ். நனைந்த வெள்ளைச் சேலையோடு தன் முன்னால் வந்து நின்றவளைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தான்.

"மேடம்... நீங்க எங்க இங்கன?"

"உங்க ஊர்ல வயலு காஞ்சு கெடந்துச்சு," என்றாள் மூச்சு வாங்க. "இருபது பேரு சும்மா நின்னாங்க. ஆளு எடுக்கல. நீங்க மௌஸையே தொடல. அந்த நாலு நிமிஷம் எங்க பாத்துக்கினு இருந்தீங்க?"

அவன் பாயைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். காது சிவந்தது.

"சொல்லுங்க... பஸ்ஸு வந்துரும்."

"ரெண்டு மானிட்டருக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குல்ல..."

"ம்ம்."

"அது வழியா... நீங்க தெரிஞ்சீக." குரல் மழையில் கரைந்துவிடும்போல இருந்தது. "பாடிக்கிட்டு இருந்தீக மேடம். வாய்க்குள்ளயே... ஒங்களுக்கே தெரியாம. ஒத்த முடி கன்னத்துல விழுந்து விழுந்து வந்துச்சு. அத ஊதித் தள்ளிக்கிட்டே மதிலக் கட்டுனீக. எல்லாம் போச்சுன்னு தெரிஞ்சும் ஒரு கல்லக்கூட விடாம... அதப் பாத்தேனா... நான் எதுக்கு அங்க வந்தேன்னே மறந்துட்டேன். சக்தி வந்து முதுகுல தட்டுன பெறகுதான் மௌஸத் தொட்டேன்."

ஷாலின் கன்னத்து முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கின்னா?"

"நீங்க நின்ன நிலைக்கு, 'ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்'னு சொன்னா கீபோர்டாலேயே போட்ருப்பீக!" என்றான். பிறகு அவசரமாக, "ஆனா நீங்க ஜெயிச்சது நெசம் மேடம். மேட்டுல வேல்படைய நிறுத்துனது நீங்க. கண்ணு தெரியாம அதுல போயி விழுந்தது நான். நான் எதையும் விட்டுக்குடுக்கல... எனக்கு வராது."

"தெரியும். உங்க ஃபிரெண்டு சொன்னார். பெறந்தநாளுக்கு ஏழு தரம்."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். ஒரகடம் பஸ் வந்து நின்றது. அவன் வாளியை எடுத்தான். ஆனால் கால் எடுக்கவில்லை.

"ரெண்டு வாரமா உங்க சிஸ்டம் ரிப்பேர்," என்றாள் அவள்.

"ஐயோ, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆவல. வேற யாரும் அங்க ஒக்காரக் கூடாதுன்னு நான்தான் 'ரிப்பேர்'னு எழுதி ஒட்டி வச்சிக்கீறேன். எங்க அண்ணன் மூணு தடவ மெக்கானிக்கக் கூட்டினு வந்துட்டான்."

அவனுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் அந்த முகத்தில் ஏறிய வெளிச்சத்துக்கு முன்னால் மழைக்கால வானம் தோற்றுப்போனது.

"மேடம்..."

"ஷாலின்."

"ஷாலின்..." முதல் தரம் சொன்னான். நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல மெல்ல. "எனக்கு ஒன்னையப் புடிச்சிருக்கு. கட்டுனா ஒன்னையத்தான்னு... ஒரு மாசமா மனசுக்குள்ள கெடக்கு. ஆனா நான் ஒரு கோயிலு, நீ ஒரு கோயிலு. ஒங்க அப்பா..."

"அப்பா லேசுல ஒத்துக்க மாட்டார். கத்துவார், ஒரு மாசம் பேச மாட்டார். நானும் விட மாட்டேன்." நெற்றி நீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எனக்கும் உன்ன புடிச்சிருக்கு மாரிராஜ். இத சொல்லத்தான் இன்னிக்கு பாட்ட விட்டுட்டு ஓடியாந்தேன்."

"ஏம்பா, ஏறுறியா இல்லியா?" கண்டக்டர் படியிலிருந்து கத்தினார்.

"அடுத்த வண்டில வாரேண்ணே!"

அடுத்த வண்டி வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது. மழை வலுத்து, வாளி பாதி நிறைந்துவிட்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை...